எழுத்துக்கு அப்பால் கலம்: தமிழகச் சடங்கு மட்கலங்களின் வண்ணத்தை வாசிக்கும் முறை குறித்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத் தொல்லியலில் மட்கலம் காலத்தைக் கணிக்கும் கருவியாகவும் எழுத்தைத் தாங்கும் பரப்பாகவும் மிகுதியாக வாசிக்கப்பட்டுள்ளது. சடங்கில் பயன்பட்ட முழுக்கலமும், அதன் வண்ணமும், அது வைக்கப்பட்ட இடமும் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. எழுத்துமுறை வழங்காத தென்னமெரிக்க ஆந்திய நாகரிகங்களின் வண்ண மட்கலங்களை ஆய்ந்தோர் வகுத்த வாசிப்பு முறைகளை அருகில் வைத்து, பொருந்தல், ஆதிச்சநல்லூர், கொடுமணல் ஆகிய இடங்களின் சான்றுகளையும் மதுரை, திண்டுக்கல் வட்டார வேளார் மரபையும் இக்கட்டுரை மறுவாசிப்புச் செய்கிறது. சுட்ட பின் பூசப்படும் வண்ணம் ஈரமண்ணில் நிலைப்பது அரிது. ஆகவே வண்ணம் கிட்டாமை வண்ணம் தீட்டப்படாமைக்குச் சான்றாகாது என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

திறவுச்சொற்கள்: சடங்கு மட்கலம், வண்ணப் பூச்சு, இன்கா, மோச்சே, பொருந்தல், ஆதிச்சநல்லூர், செங்காவி மட்கலம், வேளார், வத்தலக்குண்டு.

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில் உள்ள வத்தலக்குண்டு, தமிழ் இலக்கிய வரலாற்றில் எழுத்தால் அறியப்பட்ட ஊர். பி. ஆர். ராஜமய்யர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா ஆகியோரின் பெயர்களோடு சேர்த்தே இவ்வூரின் பெயர் சொல்லப்படுகிறது. தொல்லியலிலும் இவ்வட்டாரத்துக்குப் புகழ் தேடித் தந்தது எழுத்துத்தான். இவ்வூருக்கு அண்மையில், வையைப் பள்ளத்தாக்கில் அமைந்த புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள், நடுகல் மரபின் தொன்மையைப் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிக் கொண்டு சென்றன. மேற்கே பழனிமலைச் சரிவில் இருக்கும் தாண்டிக்குடியிலும் அதைச் சூழ்ந்த மலையூர்களிலும் கற்திட்டைகளும் கற்பதுக்கைகளும் பரவிக் கிடக்கின்றன. அவற்றை ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இரு கிறித்தவத் துறவியர் ஆராய்ந்து எழுதிய நூல் 1928இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. பின்னர்த் தாண்டிக்குடியில் கா. ராஜன் அகழாய்வு நடத்தினார்.

இவ்விரு வகைச் சான்றுகளில் எழுத்துள்ள நடுகல் நாளிதழ்களின் முதற்பக்கத்தை எட்டியது. ஈமச்சின்னங்களில் வைக்கப்பட்ட கலங்கள் அறிக்கைகளின் வரைபடப் பக்கங்களோடு நின்றன. இது ஒரு வட்டாரத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழகம் முழுவதிலும் மண்ணிலிருந்து வெளிவரும் ஓட்டை நாம் எப்படிப் பார்க்கப் பழகியிருக்கிறோம் என்பதை இது காட்டுகிறது. அப்பழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் துணையாகும் ஓர் ஆய்வுமரபு மிகத் தொலைவில், எழுத்தே வழங்காத ஒரு நிலத்தில் உருவாகியது. ஆகவே முதலில் அங்கே செல்ல வேண்டியுள்ளது.

ஆந்திய நிலத்தில் சடங்குக் கலம்

தென்னமெரிக்காவின் ஆந்திய மலைத்தொடரிலும் அதன் மேற்கே உள்ள பாலைக் கடற்கரையிலும் எசுப்பானியர் 1532இல் நுழைவதற்கு முன் வாழ்ந்த மக்கள் நாம் அறிந்த பொருளில் எழுத்தைக் கையாளவில்லை. இன்கா அரசு தன் கணக்குகளைக் கிப்பு எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் பதிந்தது. அரசுக்கும் குடிகளுக்கும் இடையிலான உறவைக் கண்முன் நிறுத்தியவற்றுள் மட்கலம் முதன்மையானது. மக்காச்சோளத்தில் வடித்த சிச்சா என்னும் மதுவைச் சுமக்கவும் வைக்கவும் பயன்பட்ட உர்ப்பு என்னும் பெருஞ்சாடி, கூர்ந்த அடியும் நீண்ட கழுத்தும் விரிந்த வாயும் உடையது. உடலின் இருபுறமும் தாழ்வாக அமைந்த கைப்பிடிகளில் கயிற்றைக் கோத்து, கழுத்தின் கீழுள்ள குமிழில் மாட்டி முதுகில் சுமப்பர். அதன் முன்பக்கம் மட்டுமே பெரும்பாலும் வண்ணக் கோலங்களால் நிரப்பப்பட்டிருக்கும். சுமப்பவரின் முதுகோடு ஒட்டும் பக்கத்துக்கு ஓவியம் தேவைப்படவில்லை. கலத்தின் அழகு பார்ப்பவரை நோக்கி அமைக்கப்பட்டது என்பதை இச்சிறு செய்தியே உணர்த்திவிடுகிறது.

கெரோ என்னும் குவளை இணையிணையாகச் செய்யப்பட்டது. விருந்தளிப்பவர் ஒன்றிலும் விருந்தினர் மற்றொன்றிலும் அருந்துவர். அருந்திய பின் கடமையும் கைம்மாறும் இருவரையும் பிணைக்கும். இன்கா மட்கலங்களைச் சமையல், பரிமாறல், விருந்து என்னும் செயல்களின் அடிப்படையில் ஆராய்ந்த தமாரா பிரே, பேரரசின் எல்லை வரை ஒரே வடிவங்கள் பரவியதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று, அரசு விருந்தளிக்கும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டதே என்று காட்டினார். இங்குக் கலத்தின் பொருள் அதன் ஓவியத்தில் மட்டும் இல்லை. வடிவு, உள்ளீடு, கையாளும் முறை, பார்ப்பவர் நிற்கும் இடம் ஆகிய நான்கும் சேர்ந்தே பொருளைத் தருகின்றன.

இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட நாஸ்கா மக்கள் பத்துக்கும் மேற்பட்ட நிறக் களிமண் குழம்புகளைச் சுடுவதற்கு முன்பே பூசி, சூட்டில் நிலைக்கச் செய்தனர். அவர்களுக்கும் முற்பட்ட பராக்காஸ் கலைஞர்கள் இதற்கு மாறான முறையைக் கையாண்டனர். கலத்தைச் சுட்டபின், கீறிய கோடுகளுக்கு இடையே பிசின் கலந்த வண்ணங்களை நிரப்பினர். சூளைக்குப் பின் ஏற்றிய அவ்வண்ணம் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்தும் எஞ்சியதற்கு அக்கடற்கரையின் கடும் வறட்சியே முதற்காரணம். உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்று அது. இவ்வேறுபாடு பின்னர் நம் நிலத்தைப் பற்றிப் பேசும்போது முதன்மை பெறும்.

ஓவியத்தை வாசித்த முறை

ஆந்திய மட்கல ஆய்வும் தொடக்கத்தில் காலக்கணிப்பையே நாடியது. வடபெருவின் மோச்சே மக்கள் வனைந்த வளைபிடிக் குடுவைகளின் தூம்பு வடிவை வைத்து ரஃபாயெல் லார்கோ ஒய்லே 1948இல் ஐந்து கட்டங்களை வகுத்தார். அதற்கு முன்பே, குடுவைகளில் அடிக்கடி தோன்றும் புள்ளியிட்ட அவரை விதைகளை ஒரு வகை எழுத்து என்றும் அவர் கருதினார். அக்கருத்து ஆய்வுலகில் நிலைபெறவில்லை. எழுத்தில்லாத இடத்திலும் எழுத்தைத் தேடும் வேட்கை எத்துணை வலியது என்பதற்கு அது நல்ல சான்று.

அடுத்த தலைமுறையில் கிறிஸ்டோபர் டொனன் வேறொரு வழியைக் கண்டார். தனித்தனிக் குடுவைகளுக்குப் பொருள் சொல்லாமல், ஆயிரக்கணக்கான ஓவியங்களைப் படமெடுத்துத் தொகுத்து, மீண்டும் மீண்டும் ஒரே வகையில் தோன்றும் காட்சிகளைப் பிரித்தெடுத்தார். சிறைப்பட்ட வீரரின் குருதியைக் குவளையில் ஏந்தி ஒரு தலைவனிடம் அளிக்கும் காட்சி அவற்றுள் ஒன்று. அதில் வரும் ஒவ்வொரு மாந்தரும் தமக்கே உரிய தலையணியும் உடையும் கருவியும் உடையவர். இது தொன்மக் கதையா, நடைபெற்ற சடங்கா என்ற கேள்விக்கு ஓவியம் மட்டும் விடை தரவில்லை. 1987இல் சிப்பான் என்னும் ஊரில் வால்டர் ஆல்வா அகழ்ந்த கல்லறையில், அக்காட்சியின் தலைமை மாந்தருக்கு உரிய அணிகளோடு ஓர் ஆடவர் புதைக்கப்பட்டிருந்தார். 1991இல் சான் ஹோசே தெ மோரோவில், காட்சியில் குவளை ஏந்தும் பெண்ணின் அணிகளோடு ஒரு பெண்ணின் கல்லறையும் கிடைத்தது. ஓவியத்தில் இருந்தவை மனிதர்கள் வகித்த பதவிகள் என்பது அப்போது தெளிவாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று பாடங்களைப் பெறலாம். முதலாவது, ஒற்றை ஓவியத்துக்குப் பொருளுரைத்தல் ஆகாது. தொகுப்பும் தொடர் ஒப்பீடும் வேண்டும். இரண்டாவது, ஓவியத்தின் பொருளை உறுதிசெய்வது கலம் கிடைத்த இடமும் அதனோடு கிடைத்த பொருள்களும் ஆகும். மூன்றாவது, எழுத்து இல்லாமையே அந்த ஆய்வாளர்களைக் கலத்தின் ஒவ்வொரு கூற்றையும் கூர்ந்து நோக்கச் செய்தது.

தமிழகத்தில் ஓடு எழுத்தான வரலாறு

தமிழகத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கு எழுத்து கிடைத்தது; அதுவும் பானையோட்டிலேயே கிடைத்தது. 1945இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர், உரோமானிய மட்கலங்களைக் கொண்டு தென்னிந்திய மண்ணடுக்குகளுக்குக் காலம் குறித்தார். 1947இல் கருநாடகத்தின் பிரம்மகிரியில் அக்காலவரிசையைப் பெருங்கற்படைப் பண்பாடு வரை நீட்டினார். அன்று முதல் கருப்பு-சிவப்பு மட்கலம் என்றால் இரும்புக்காலம் என்னும் வாய்பாடு நிலைத்தது. 1960இல் பி. பி. லால் பெருங்கற்படைக் கலங்களின் கீறல் குறியீடுகளை அரப்பன் குறியீடுகளோடு ஒப்பிட்டார். கொடுமணலில் 500க்கும் மேற்பட்ட தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. 2019இல் வெளியான கீழடி அறிக்கை 56 எழுத்துப் பொறித்த ஓடுகளையும் 1001 குறியீட்டு ஓடுகளையும் பட்டியலிட்டது. அண்மையில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 15,000க்கும் மேற்பட்ட குறியீட்டு ஓடுகளை ஆவணப்படுத்தும் பெருந்திட்டத்தை மேற்கொண்டது.

இப்பணிகளின் பெருமையைக் குறைத்து மதிப்பிட இயலாது. எழுத்தறிவு அரசவைக்கும் சமயத் துறவியருக்கும் மட்டும் உரியதாக இல்லாமல் கைவினைஞரிடமும் வணிகரிடமும் பரவியிருந்ததை இவ்வோடுகளே மெய்ப்பித்தன. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. எழுத்துள்ள ஓடு தன் கலத்திலிருந்து பிரிந்து, கல்வெட்டின் ஒரு துண்டுபோல வாசிக்கப்படுகிறது. அக்கலம் எதை ஏந்தியது, எந்த நிறத்தில் இருந்தது, யாருடைய தலைமாட்டில் வைக்கப்பட்டது என்னும் கேள்விகள் பின்தள்ளப்படுகின்றன. எழுத்தில்லாத வண்ணக்கலமோ எண்ணிக்கைப் பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது.

கருப்பு-சிவப்பு மட்கலத்தையே எடுத்துக்கொள்ளலாம். உட்புறமும் விளிம்பும் கறுத்து, வெளிப்புற உடல் சிவந்து தோன்றும் இவ்விரு நிறமும் தூரிகையால் வந்தவை அல்ல. கலத்தைக் கவிழ்த்து அடுக்கிச் சுடும்போது காற்றுப் புகாத பகுதி கறுக்கிறது. காற்றுப்பட்ட பகுதி சிவக்கிறது என்பதே பொதுவான விளக்கம். வீட்டிலும் ஈமச்சின்னத்திலும் இந்த இருநிறக் கலம் கிடைக்கிறது. இந்நிறச்சேர்க்கையை நூற்றாண்டுக் கணக்கில் விரும்பிச் செய்தவர்களுக்கு அது என்ன பொருள் தந்தது என்னும் கேள்வியைக் காலக்கணிப்பு வாய்பாடு மூடிவிட்டது.

பொருந்தல்: பிரிமனையும் நெல்லும்

பழனிக்கு அருகே, வத்தலக்குண்டைப் போலவே பழனிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் பொருந்தல். இங்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடத்தினார். ஈமச்சின்னம் ஒன்றில் நான்கு கால்கள் உடைய சாடிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் நெல் இருந்தது. அங்கேயே தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் கிடைத்தது. நெல்லைக் கதிரியக்கக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது கி.மு. 490 என்னும் காலம் கிட்டியது. பிரிமனையின் எழுத்து ‘வய்ர’ என்று படிக்கப்பட்டது. தமிழி எழுத்து அசோகருக்கு முற்பட்டது என்னும் வாதத்துக்கு இது வலுவூட்டியது. ஒற்றைக் காலக்கணிப்பைக் கொண்டு அத்தகைய முடிவுக்கு வரலாமா என்ற ஐயமும் எழுந்தது. விவாதம் முழுவதும் எழுத்து, காலம் என்னும் இரு முனைகளுக்கு இடையிலேயே நடந்தது.

ஆந்திய ஆய்வாளர் ஒருவர் இக்குழியின் முன் நின்றிருந்தால் அவருடைய முதற்கேள்வி வேறாக இருந்திருக்கும். பிரிமனை தனியாகப் பயன்படும் பொருளன்று. உருண்டை அடியுடைய கலத்தைச் சாயாமல் நிறுத்துவதற்கானது அது. பெயர் ஏன் கலத்தில் பொறிக்கப்படாமல் கலத்தைத் தாங்கும் பொருளில் பொறிக்கப்பட்டது? சாடிக்குக் கால்கள் அமைத்து நெல்லை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தது வீட்டுக் குதிரின் நிழலா, இறந்தவருக்கான தனி ஏற்பாடா? விதைநெல்லாக வைக்கப்பட்டதா, உணவாக வைக்கப்பட்டதா? இக்கேள்விகளுக்கு உறுதியான விடை கிட்டாமல் போகலாம். எனினும் அக்குழியில் கலங்கள் ஒன்றோடொன்று கொண்டிருந்த உறவு, எழுத்தின் வயதைப் போலவே வரலாற்றுச் சான்றாகும். இன்காவின் உர்ப்பும் கெரோவும் தனித்தனியே பொருள் தராமல் விருந்தின் உறுப்புகளாகப் பொருள் தந்தது போல, சாடியும் நெல்லும் பிரிமனையும் ஒரு செயலின் உறுப்புகள். எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அச்செயல் சிதைகிறது.

ஆதிச்சநல்லூர்: ஒற்றை ஓவியத்தின் சிக்கல்

தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரை 1876இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் தோண்டி, கிடைத்தவற்றைத் தம் நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சென்றார். ஆந்திய மட்கலங்களின் மிகப்பெரிய தொகுப்புகளுள் ஒன்றும் பெர்லின் இனவியல் அருங்காட்சியகத்திலேயே உள்ளது. அங்கே பெருவின் கலங்கள் கலைப்பொருள்களாகப் பெயர் பெற்றன. ஆதிச்சநல்லூர்க் கலங்களோ அத்தகைய கலைவரலாற்று விவாதத்தை எழுப்பவில்லை. பின்னர் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் நடத்திய அகழாய்வும், 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை தி. சத்தியமூர்த்தியின் தலைமையில் நடத்திய அகழாய்வும் நூற்றுக்கணக்கான தாழிகளை வெளிக்கொணர்ந்தன.

2004-05 அகழாய்வில் கிடைத்த ஓர் ஓடு இங்கு நம் கவனத்துக்கு உரியது. களிமண்ணைத் தனியே உருட்டி ஒட்டும் முறையில் அதன்மேல் புடைப்புருவங்கள் அமைந்துள்ளன. மெலிந்து உயர்ந்த ஒரு பெண், ஒரு செடி, அதன்மேல் ஒரு கொக்கு, மான், முதலை ஆகியவை அதில் காணப்படுகின்றன. தமிழகத்தின் ஈமக்கலங்களில் இத்தகைய காட்சி மிக அரிது. இதனை மருதத்திணையின் காட்சியாகவும் வளமைச் சடங்கின் உருவமாகவும் காண்பது எளிது. சங்கப் பாடல்களில் தோய்ந்த மனம் கொக்கையும் செடியையும் கண்டவுடன் வயலை நினைக்கிறது. ஆனால் மானும் முதலையும் அத்திணைச் சட்டகத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. எழுத்திலக்கியத்தை ஓவியத்தின் மேல் ஏற்றிப் படிக்கும் இப்போக்கு, ஓட்டில் எழுத்தை மட்டும் தேடும் போக்கின் மறுபக்கமே. இரண்டிலும் கலம் தன் சொந்த மொழியில் பேச இடமில்லை.

மோச்சே ஆய்வின் முதற்பாடம் இங்குப் பொருந்தும். ஒரே ஓர் ஓவியத்தை வைத்துப் பொருளுரைக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோடு, புள்ளி, கயிற்றுப் பதிவு, விரல் பதிவு, ஒட்டுருவம் என எத்தகைய அணியாயினும், தமிழகத் தாழிகளிலும் அவற்றின் உள்ளே வைத்த சிறுகலங்களிலும் இருப்பனவற்றை ஒரே முறையில் தொகுத்து, எவை தாழியின் கழுத்தில் வருகின்றன, எவை மூடியில் வருகின்றன, எவை உட்கலங்களில் மட்டும் வருகின்றன என்று பிரித்தறியலாம். அத்தொகுப்பு உருவானால் மேற்சொன்ன ஓடு தனித்து நிற்காது.

சங்கப் பாடல்களும் இங்கு ஓர் எச்சரிக்கையைத் தருகின்றன. புறநானூற்றின் 228ஆம் பாடலும் 256ஆம் பாடலும் கலம் வனையும் குயவனை விளித்துத் தாழி கேட்கின்றன. முன்னது சோழ வேந்தனுக்குத் தாழி வனைய உலகையே சக்கரமாகவும் மேருவை மண்ணாகவும் கொள்ள இயலுமோ என வினவுகிறது. பின்னது தன்னையும் உடன்கொள்ளும் அளவுக்கு அகன்ற தாழியை ஒரு பெண் கேட்பதாக அமைகிறது. இரண்டிலும் பேசப்படுவது தாழியின் அளவு. அதன் நிறமோ அணியோ அன்று. பாடல் சொல்லாததைக் கலம் சொல்லக்கூடும். ஆகவே பாடலைக் கலத்தின் உரைநூலாகக் கொள்ளும் வழக்கத்தில் நமக்குத் தயக்கம் வேண்டும்.

செங்காவி மட்கலம்: கிடைத்தும் வாசிக்கப்படாத ஓவியம்

தமிழகத்தில் வண்ண ஓவியக் கலம் இல்லை என்று சொல்ல முடியாது. கொங்கு நாட்டில், குறிப்பாக நொய்யல் கரையின் கொடுமணலில், செங்காவி பூசிய வண்ண மட்கலம் வாழ்விடத்திலும் ஈமச்சின்னங்களிலும் கிடைத்துள்ளது. செங்காவிப் பரப்பில் வெண்கோடுகள் இணையாகவும் குறுக்காகவும் அலையாகவும் ஓடுகின்றன. தென்கருநாடகத்திலும் ஆந்திரப் பகுதிகளிலும் இது பரவியிருந்தது. இதன் பரவலும் காலமும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆனால் கோலங்களின் இலக்கணம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஈமக்குழியின் கலங்களில் வரும் கோடுகளும் வீட்டுக்கலங்களில் வரும் கோடுகளும் ஒன்றா? கோலம் வாயில் தொடங்கி அடிவரை செல்கிறதா, தோளோடு நிற்கிறதா? கலத்தை மூடி வைத்தால் தெரிவது எது? இன்கா உர்ப்பில் ஓவியம் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதிலிருந்து அதைச் சுமந்த முதுகையும் பார்த்த கண்ணையும் மீட்டெடுக்க முடிந்தது. செங்காவிக் கலத்திலும் அத்தகைய மீட்பு இயலும். இதற்குப் புதிய அகழாய்வு வேண்டியதில்லை. இருக்கும் ஓடுகளைக் கோலத்தின் அடிப்படையிலும் கிடைத்த இடத்தின் அடிப்படையிலும் மீண்டும் வரிசைப்படுத்தினாலே போதும்.

வேளார் மரபும் காணாமற்போகும் வண்ணமும்

செங்காவிக் கலத்தின் கோலம் எஞ்சியதற்கு அது சூட்டில் நிலைபெற்றதே காரணம். சுட்ட பின் பூசிய வண்ணத்தின் கதி என்ன என்பதை அறிய இன்றைய சடங்குகளைப் பார்க்க வேண்டும். மதுரை, திண்டுக்கல், சிவகங்கை வட்டாரங்களில் அய்யனாருக்குப் புரவி எடுக்கும்போது, ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பதில் சடங்கு தொடங்குகிறது. புரவியை வனைந்து, காயவைத்து, சுட்ட பிறகே சுண்ணாம்பு பூசி அதன்மேல் வண்ணம் தீட்டுகின்றனர். நிறைவாகக் கண் திறக்கப்பட்டு ஊர்வலமாகக் கோயிலுக்குச் செல்லும் புரவி, பின் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. திருமணப் பந்தலின் அரசாணிப் பானைகளுக்கும் சுட்ட பிறகே சுண்ணாம்பும் காவியும் ஏறுகின்றன. முளைப்பாரி நீரில் கரைக்கப்படுகிறது. கொள்ளிக்குடம் சுடுகாட்டில் உடைக்கப்படுகிறது.

மதுரை வட்டார வேளாரின் பணியைப் பற்றி ஸ்டீபன் இங்கிலிஸ் எழுதிய நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980இல் வெளியிட்டது. திண்டுக்கல் தனி மாவட்டமாக 1985இல் பிரியும் முன்பு வத்தலக்குண்டும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. இங்கிலிஸின் ஆய்வு உணர்த்தும் முதன்மையான உண்மை, இவ்வுருவங்கள் நிலைத்திருப்பதற்காகச் செய்யப்படுவன அல்ல என்பதாகும். அழிவதும் மீண்டும் செய்யப்படுவதும் அவற்றின் இயல்பு. அருங்காட்சியகக் கண் நிலைபேற்றை மதிப்பிடுகிறது. வேளார் மரபோ புதுப்பித்தலை மதிப்பிடுகிறது.

இங்கிருந்து தொல்லியலுக்கு ஒரு கேள்வி எழுகிறது. சுண்ணாம்பும் காவியும் பூசிய அரசாணிப் பானை ஒன்றை வையைச் சமவெளியின் மண்ணில் புதைத்தால், சில பருவமழைகளுக்குப் பின் அதன் வண்ணத்தில் என்ன எஞ்சும்? பராக்காஸின் பாலை மணலில் பிசின் வண்ணம் நிலைத்தது. நம் நிலத்தில் ஆண்டுதோறும் மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது, வேர்கள் துளைக்கின்றன, உப்பு ஏறி இறங்குகிறது. அவற்றையும் தாண்டி ஏதேனும் ஒட்டியிருந்தால், அகழாய்வுக் களத்தில் ஓடு வந்தவுடன் நடப்பது தண்ணீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவும் வேலை. எழுத்தும் குறியீடும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவும் கழுவுகிறோம். கீறலைக் காண்பதற்கான அக்கழுவலில் பூச்சின் இறுதித் துகளும் போய்விடக்கூடும்.

பண்டைய தாழிகள் அனைத்தும் வண்ணம் பூசப்பட்டிருந்தன என்று இக்கட்டுரை வாதிடவில்லை. இன்றைய வழக்கை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்படியே ஏற்றிப் பார்ப்பதும் பிழையே. வாதம் இவ்வளவே: சுட்டபின் பூசும் முறை ஒரு சமூகத்தில் இருந்திருந்தால், நம் நிலமும் நம் களமுறையும் அதன் தடயத்தை அழிக்கும் தன்மையன. எனவே ‘அணியற்ற செந்நிறத் தாழி’ என்னும் விவரிப்பு, தாழி செய்யப்பட்டபோது இருந்த நிலையைக் குறிப்பதாகக் கொள்ள முடியாது. அது நம் கைக்கு வந்துசேர்ந்த நிலையை மட்டுமே குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே நம் திறனாய்வின் குறை.

ஒப்பீட்டின் எல்லைகள்

தமிழரையும் இன்காக்களையும் உறவுபடுத்தும் கருத்துகள் பொதுவெளியில் அவ்வப்போது எழுகின்றன. இக்கட்டுரையின் ஒப்பீட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆந்தியர் குயவர் சக்கரத்தை அறியாதவர். கையாலும் அச்சாலும் வனைந்தனர். நம் குயவர் சக்கரத்தில் வனைந்தனர். இரு நிலங்களின் கலங்களும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தவை. ஒப்பிடப்படுவன கலங்கள் அல்ல, கலங்களை ஆராய்ந்த முறைகள்.

அங்குள்ள ஆய்விலும் ஒரு பெருங்குறை உண்டு. மோச்சே, நாஸ்கா குடுவைகளில் பெரும்பகுதி கல்லறைத் திருடர்களால் எடுக்கப்பட்டுச் சந்தை வழியாக அருங்காட்சியகங்களை அடைந்தவை. ஓவியம் முழுமையாக இருக்கிறது. ஆனால் கிடைத்த இடம் தெரிவதில்லை. சிப்பானின் சிறப்பே, திருடர்கள் முற்றிலும் சூறையாடும் முன் முறையாக அகழப்பட்டதில் உள்ளது. நமக்கு வாய்த்த நிலை இதன் மறுதலை. பொருந்தலிலும் கொடுமணலிலும் கலம் இருந்த இடமும் ஆழமும் உடன்கிடந்த பொருள்களும் பதிவாகியுள்ளன. அவர்களிடம் இல்லாத ஒன்று நம் கையில் இருந்தும், அவர்கள் கேட்ட கேள்விகளை நாம் கேட்கவில்லை.

முடிவுரை

எழுத்து வழங்காத ஆந்திய நிலத்தில் மட்கலம் ஆவணமாக மதிக்கப்பட்டது. எழுத்துள்ள தமிழ் நிலத்தில் அது ஆவணத்தின் தாளாக மட்டும் மதிக்கப்பட்டது. இப்பார்வையை மாற்றுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஈமக்குழியிலிருந்து எடுக்கும் கலங்களில் ஒரு பகுதியையேனும் கழுவாமல், உலர்தூரிகையால் தூய்மை செய்து, மேற்பரப்பையும் உட்பரப்பையும் ஆய்வகச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அறிக்கைகள் எழுத்தோடுகளைத் தனி அட்டவணையில் தருவதோடு, ஒவ்வொரு குழியின் கலங்களையும் ஒரு தொகுதியாக வரைந்து காட்ட வேண்டும். கீறல் குறியீடுகளுக்குக் கிடைத்த ஆவணத் தொகுப்பு செங்காவிக் கோலங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

இவற்றோடு, காலத்தோடு செய்யவேண்டிய பணி ஒன்றும் உண்டு. புரவிகளிலும் சடங்குப் பானைகளிலும் சுண்ணாம்பு, காவி ஆகியவற்றின் இடத்தை எனாமல் வண்ணங்கள் பிடித்து வருகின்றன. பழைய பூச்சுகளைக் கலக்கும் முறையையும், எந்தக் கலத்துக்கு எந்த நிறம் எத்தனை கோடு என்னும் வரையறையையும் அறிந்த வேளார் முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களுடைய அறிவைப் பதிவு செய்வது நாட்டாரியலின் பணி மட்டுமன்று. தாழியின் மேற்பரப்பில் எதைத் தேட வேண்டும் என்று தொல்லியலாளருக்குச் சொல்லக்கூடிய முதன்மைச் சான்றும் அதுவே. தாண்டிக்குடியின் கற்பதுக்கையில் வைக்கப்பட்ட கலமும் வத்தலக்குண்டின் மணப்பந்தலில் வைக்கப்படும் பானையும் ஒரே மரபின் இரு முனைகள் என்று இன்று உறுதியாகச் சொல்ல இயலாது. அவற்றுக்கு இடையில் தொடர்பு உண்டா, இல்லையா என்பதைக் கேட்பதற்கான சான்றையாவது கழுவி விடாமல் காப்பது நம் கடமை.